'முழுத் தேக்கு' என்று விற்ற மேசை: மீதிப் பணம் கொடுக்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

வீட்டில் பொருட்களைக் குறைத்துக்கொண்டு, வாங்குகிற ஒன்றிரண்டையும் நல்லதாக வாங்க நினைப்பவர்களைக் குறிவைத்தே ஒரு ஏமாற்று நடக்கிறது. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் கிடந்த சின்னச் சின்ன மேசைகளைக் கொடுத்துவிட்டு, சாப்பிட, எழுத, பிள்ளைகள் படிக்க எல்லாவற்றுக்கும் நீளமான மேசை ஒன்றே போதும் என்று முடிவு செய்தோம். கடையிலும் இதையே பேசினார்கள். "பத்துப் பொருள் வாங்காதீங்க, ஒண்ணு வாங்குங்க, ஆயுசுக்கும் இருக்கும். முழுத் தேக்கு. பழசானா இழைச்சுப் பாலிஷ் போட்டாப் புதுசாயிடும்" என்றார் விற்பனையாளர். மற்ற கடைகளைவிட விலை மிக அதிகம். முழு மரம் என்பதற்காகவே கொடுத்தோம்.

சில மாதங்களில் ஒரு மூலை உப்பியது. அப்புறம் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டை விலகியது. உள்ளே மர ரேகையே இல்லை, பழுப்பு நிறத்தில் அழுத்திய மரத்தூள் மாதிரி ஒன்றுதான். தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். பலகை எம்.டி.எஃப். (மர நாரைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது), மேலே ஒட்டியது தேக்கு வெனீர் (மரத்தை மெல்லிய ஏடாகச் சீவியது), கால்கள் சாயம் ஏற்றிய ரப்பர் மரம் என்றார். இப்படி ஒட்டும் வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இழைக்கப் போனால் முதல் தடவையிலேயே அடியில் இருக்கும் பலகை வெளியே வந்துவிடும். புதுசாக்கலாம் என்று சொன்னது அப்பட்டமான பொய்.

வெனீரை நான் குறை சொல்லவில்லை. நல்ல பிளைவுட்டின் மேல் ஒட்டினால் அது முழு மரத்தைவிடக் குறைவாகவே வளையும், குறைவாகவே வெடிக்கும். வெனீர் என்று சொல்லி அதற்குரிய விலையில் விற்றால் நேர்மையான வியாபாரம். இங்கே நடந்தது அது இல்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "பில்லில் மாடல் பெயர் மட்டும்தானே இருக்கு, தேக்குன்னு எங்கே இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களிடம் பேசியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். பட்டையை இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

தச்சர் சொல்லிக் கொடுத்தவை இனி வாங்குபவர்களுக்கு உதவும். முதலில், கனத்தை நம்பாதீர்கள். எம்.டி.எஃப். கன மீட்டருக்கு 700 கிலோ அளவில் இருக்கும், தேக்கு ஏறக்குறைய 650தான். தூக்கிப் பார்த்து 'கனமாக இருக்கிறது, மரம்தான்' என்று முடிவு செய்ய முடியாது. பலகையின் குறுக்கு முனையைப் பாருங்கள். உண்மையான மரத்தில் மேலே ஓடும் ரேகை அந்த முனையில் நீளக்கோடாகத் தொடராது, வளையங்களின் வெட்டுமுகமாக மாறும். முனையிலும் பக்கத்திலும் ஒரே மாதிரி நீளக்கோடு ஓடினால் அது ஒட்டிய பட்டை. அகலமான மேசை என்றால் பல பலகைகளை ஒட்டித்தான் செய்திருப்பார்கள், மேலே தெரியும் இணைப்பு அடியிலும் அதே இடத்தில் தெரிய வேண்டும். அடியில் திருகு போட்ட விதமும் காட்டிக்கொடுக்கும். முழு மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலத்தில் விரியும், சுருங்கும். அதற்கு இடம் விட்டு நீள்துளையோ கிளிப்போ வைத்துத்தான் நல்ல தச்சர் பொருத்துவார்.

டெலிவரிக்கு வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை, காத்திருக்கட்டும். கவிழ்த்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மேல்பலகை, சட்டம், கால் ஒவ்வொன்றும் என்ன மரம், முழு மரமா வெனீரா, வெனீர் என்றால் உள்ளே என்ன பலகை என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் நான் கேட்டதற்கு அந்த விற்பனையாளர் 'முழுத் தேக்குதான்' என்று அனுப்பிய பதில்தான் இப்போது கையில் இருக்கும் முக்கிய ஆதாரம். கடையில் வாயால் பேசியதை வீட்டுக்கு வந்ததும் செய்தியாக அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.