கூன் ஷோ சிடி தொகுப்பு: எந்தப் பெட்டியிலிருந்து தொடங்கலாம்?

1950-களின் பிரிட்டிஷ் வானொலி நகைச்சுவைத் தொடர் ‘கூன் ஷோ’. பி.பி.சி. வெளியிட்ட அதன் சிடி தொகுப்பான ‘கூன் ஷோ கம்பெண்டியம்’ பெட்டிகளை வாங்குகிறவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், “முதல் நான்கு சீசன் எங்கே?” என்பதுதான். முதல் பெட்டியே 1954-இல் வந்த ஐந்தாவது சீசனில்தான் ஆரம்பிக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 1951 மே 28 அன்று ‘கிரேஸி பீப்பிள்’ என்ற பெயரில் தொடங்கிய இந்த வானொலித் தொடரின் ஆரம்ப வருடப் பதிவுகள் மிகச் சிலவே மிஞ்சின. ஒலிபரப்பு முடிந்தால் அதோடு சரி என்பதுதான் அன்றைய நடைமுறை. நான்காம் சீசனின் சில கதைகளை 1957-58-இல் வெளிநாட்டு வானொலிகளுக்காகத் திரும்ப நடித்துப் பதிவு செய்தார்கள். அவை தப்பித்தன.

பெயரைப் பார்த்து முதுகு வளைந்தவர் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கூன், பாப்பாய் படக்கதையில் வரும் விசித்திரப் பிராணி. தொடரை எழுதி நடித்த ஸ்பைக் மில்லிகன் அங்கிருந்துதான் பெயரைத் தூக்கினார்.

மில்லிகன் பிறந்தது 1918 ஏப்ரல் 16, அகமத்நகரில். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அயர்லாந்துக்காரர். புனே, ரங்கூன் என்று கண்டோன்மெண்டுகளில் வளர்ந்து, 1930-களின் தொடக்கத்தில் லண்டன் போனார். உலகப் போரில் பீரங்கிப் படை. 1944 ஜனவரியில் இத்தாலியில் மோர்ட்டார் குண்டில் காயம்பட்டு, மனமும் சேர்ந்து உடைந்தது. இதெல்லாம் பெட்டியைக் கேட்கும்போது உதவும். கதைக்குக் கதை ஏதாவது வெடிக்கிறது. எதிரியைக் கண்டால் ஓடுகிற, ரெஜிமெண்ட் காசைச் சுருட்டுகிற மேஜர் பிளட்நாக் திரும்பத் திரும்ப வருகிறார். சிப்பாயாக இருந்தவன் அதிகாரிகளிடம் கணக்குத் தீர்க்கிறான்.

இந்தத் தொகுப்பின் உண்மையான நாயகன் சத்தம். மில்லிகனின் வசனப் பிரதியில் சத்தத்துக்கு இரண்டு குறிப்புகள் உண்டு. ‘எஃப்.எக்ஸ்.’ என்றால் மேடையிலேயே ஆள் நின்று செய்வது: கதவு, காலடி, தட்டுமுட்டு. ‘கிராம்ஸ்’ என்றால் பதிவு செய்த தட்டிலிருந்து போடுவது. அதுவரை வானொலி நகைச்சுவையில் கதவு சாத்தும் சத்தம் கதவு சாத்தியதைச் சொல்லும், அவ்வளவுதான். இங்கே சத்தமே ஜோக். காலடி ஓட்டம் வேகம் பிடித்து, சம்பந்தமே இல்லாத எதிலோ போய் மோதி முடியும். கஸ்டர்ட் நிரம்பிய காலுறை சுவரில் அடிக்கும் சத்தம் வேண்டுமென்று மில்லிகன் கேண்டீனில் கஸ்டர்ட் வாங்கித் தன் காலுறையிலேயே ஊற்றி அடித்துப் பார்த்தார் என்றும், எதிர்பார்த்த சத்தம் வரவில்லை என்றும் சொல்வார்கள். 1958-இல் புதுவித ஒலிகளை உருவாக்குவதற்கென்றே பி.பி.சி. ரேடியோஃபோனிக் பட்டறை தொடங்கியபின் அங்கே உருவான ஆரம்பகால ஒலிகளில் ஒன்று பிளட்நாக்கின் வயிற்று இரைச்சல்.

இதனால்தான் எந்தப் பதிப்பில் கேட்கிறோம் என்பது முக்கியமாகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பிய பதிவுகளில் அன்றைய அரசியல் ஜோக்குகளையும் சில பாட்டுகளையும் வெட்டியிருந்தார்கள். பழைய கேசட்டுகளில் கதை திடீரென்று தாவுவதற்குக் காரணம் அதுதான். இந்தப் பெட்டிகளுக்காக ஒலிப் பொறியாளர் டெட் கெண்டால் கிடைத்த மூலங்களைத் தேடி, விடுபட்டதைச் சேர்த்து ஒலியைச் சீராக்கியிருக்கிறார். இரைச்சல் முழுக்கப் போகவில்லை. அதைத் துடைக்கப் போய்க் குரலைச் சப்பையாக்காமல் விட்டதே நல்லது. எல்லாம் மோனோ. விலை உயர்ந்த ஹெட்ஃபோனால் பெரிய லாபம் இல்லை, ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும். கிசுகிசுவுக்கும் குண்டுவெடிப்புக்கும் நடுவே ஒலியளவு எகிறும். ராத்திரி கேட்பவர்கள் கையை வால்யூம் அருகிலேயே வைத்திருங்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுவது குரல்களில். மூன்றே மூன்று பேர் ஊரையே நடிக்கிறார்கள். பீட்டர் செல்லர்ஸ்: பிளட்நாக், வழுக்கிப் பேசும் மோசடிக்காரன் கிரிட்பைப்-தைன், கிழவர் கிரன், கீச்சுக் குரல் பையன் புளூபாட்டில். மில்லிகன்: எக்லஸ், மோரியார்ட்டி, கிழவி மின்னி. ஹாரி செகோம்: எல்லாரிடமும் ஏமாறும் சீகூன். முதலில் புளூபாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனக்கு எழுதிய மேடைக் குறிப்பையும் அவன் வசனம்போலச் சத்தமாகப் படித்துவிடுவான், அதனால் அடையாளம் தவறாது.

தொடக்கத்துக்கு என் சிபாரிசு 1955 அக்டோபரில் வந்த ‘நெப்போலியன்ஸ் பியானோ’. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பியானோவை நகர்த்த ஐந்து பவுண்டு என்று சீகூன் கையெழுத்துப் போடுகிறான். பியானோ இருக்கும் அறை பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் என்பது பிறகுதான் தெரிகிறது. கதை நேர்கோட்டில் போவதால் திசை தப்பாது. அடுத்து 1957-இல் வந்த ‘மிஸ்டீரியஸ் பஞ்ச்-அப்-த-காங்கர்’. மணி என்ன என்று புளூபாட்டில் கேட்கிறான்; எக்லஸிடம் கடிகாரம் இல்லை, காலையில் யாரோ நல்லவர் மணியை எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது. இந்த இரண்டு பேரும் அந்தக் காகிதத்தை வைத்துச் செய்யும் தர்க்கம் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாம் சீசனில் எரிக் சைக்ஸ் பெயரும் எழுத்தில் சேர்கிறது. வாரம் ஒரு பிரதி என்ற ஓட்டத்தில் மில்லிகன் 1952 இறுதியிலேயே ஒருமுறை நொறுங்கி மருத்துவமனைக்குப் போனவர், கூட்டாளி தேவைப்பட்டது. சைக்ஸ் சேர்ந்தவை கட்டுக்கோப்பானவை. மில்லிகன் தனியே எழுதியவை அவிழ்ந்து ஓடும், ஆனால் உச்சங்கள் அங்கேதான் அதிகம்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு அரைமணி நேரத்திலும் இரண்டு இசை இடைவேளை: மேக்ஸ் கெல்ட்ரேயின் மவுத் ஆர்கன், பிறகு ரே எல்லிங்டன் குழு. இசை நன்றாகவே இருந்தாலும் மூன்று கதை சேர்ந்தாற்போல் கேட்டால் அலுக்கும்; நாளுக்கு ஒன்று போதும். அதைவிடப் பெரிய குறை, கறுப்பரான எல்லிங்டனின் நிறத்தை வைத்த ஜோக்குகள். லால்காகா, பானர்ஜி என்று செல்லர்ஸும் மில்லிகனும் போடும் இந்தியக் குரல்களிலும் சில இடங்கள் சிரிக்க வைக்கின்றன, பல இடங்கள் கடுப்பேற்றுகின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பத்தாவது சீசனுக்கு ஆறு கதைகள்தான், 1960 ஜனவரி 28-உடன் முடிந்தது. 1972-இல் மூவரும் மறுபடி கூடிய ‘லாஸ்ட் கூன் ஷோ ஆஃப் ஆல்’ தனியாகவும் கிடைக்கிறது. தொடக்கத்துக்கு அதை வாங்காதீர்கள். குரல் கேட்டதுமே அரங்கில் கைத்தட்டல் எழும். யாருக்காக என்று தெரியாமல் நீங்கள் முழித்துக்கொண்டிருப்பீர்கள்.