33 ஆட்டங்களில் எட்டு அணிகள்: கவுன்டர்-ஸ்ட்ரைக் மேஜரின் ஸ்விஸ் முறையும் பார்வையாளர் பாஸும்

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சுடும் வீடியோ கேமின் மிகப் பெரிய தொடரான மேஜர் ஒவ்வொன்றுக்கும், அந்த ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் விற்கும் பார்வையாளர் பாஸைப் பலரும் ஆட்டத்துக்குள் கிடைக்கும் நினைவுப் பொருளுக்காக வாங்குகிறார்கள். நான் வாங்குவது, அதோடு வரும் பிக்-எம் என்ற கணிப்புப் போட்டிக்காக. அந்தக் கணிப்பில் தேற வேண்டுமானால் அணிகளைத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எந்த அணி எந்தச் சுற்றில் யாரைச் சந்திக்கும் என்பதைத் தீர்மானிக்கும் போட்டி அமைப்பையும், சீடிங் எனப்படும் அணிகளின் வரிசையையும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த மதிப்புரையில் பாஸைவிட அந்த அமைப்பைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

2016 வரை மேஜரில் பதினாறு அணிகளை நான்கு நான்காகப் பிரித்தார்கள். குழுவுக்கு ஐந்து ஆட்டங்கள், மொத்தம் இருபது. இரண்டு முறை தோற்றால் வெளியே. மூன்று வலிமையான அணிகள் ஒரே குழுவில் விழுந்துவிட்டால் அவற்றில் ஒன்றாவது வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், பக்கத்துக் குழுவிலோ சுமாரான அணியும் காலிறுதிக்கு வந்துவிடும். 2017 ஜனவரியில் அட்லான்டா மேஜரில் நுழைந்த ஸ்விஸ் முறை குழுக்களையே ஒழித்துவிட்டது. 1895இல் சூரிச் நகரில் சதுரங்கத்துக்காகப் பிறந்த முறை இது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டைத் தொடர்ந்து பார்த்த நம்மவர்களுக்குப் புதிதல்ல. அங்கே பதினொரு சுற்றுகளையும் எல்லா அணிகளும் ஆடின. இங்கே மூன்று வெற்றி பெற்ற அணி அடுத்த கட்டத்துக்குப் போகிறது, மூன்று தோல்வி கண்ட அணி வெளியேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சமமான வெற்றி தோல்விக் கணக்குள்ள அணிகளே மோதுகின்றன. முதல் மூன்று சுற்றுகளில் எட்டெட்டு ஆட்டங்கள், நான்காவதில் ஆறு, ஐந்தாவதில் மூன்று என மொத்தம் 33 ஆட்டங்களில் பதினாறு அணிகள் எட்டாகக் குறைந்துவிடுகின்றன.

சமமான கணக்குள்ள அணிகளில் யாரோடு யார் என்பதில்தான் இந்த அமைப்பின் உயிர் இருக்கிறது. முதல் சுற்றில் முதலிடத்து அணி பதினாறாவது அணியோடு ஆடுவதில்லை, ஒன்பதாவது அணியோடுதான் ஆடுகிறது; இரண்டாவது அணி பத்தாவதோடு, எட்டாவது அணி பதினாறாவதோடு. எல்லா ஆட்டங்களிலும் எட்டு இட இடைவெளி இருப்பதால் யாருக்கும் அளவுக்கு மீறிய சலுகை கிடைப்பதில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் சீடிங் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அதற்குப் பயன்படுவது புக்ஹோல்ஸ் கணக்கு, அதாவது ஓர் அணி இதுவரை சந்தித்த எதிரணிகளின் வெற்றிகளின் கூட்டுத்தொகையிலிருந்து அவற்றின் தோல்விகளைக் கழித்து வரும் எண்.

இதை நான் நோட்டில் போட்டுப் பார்த்த விதத்தையே சொல்கிறேன். இரண்டு சுற்று முடிந்து 1-1, அதாவது ஒரு வெற்றி ஒரு தோல்வி, என நிற்கும் இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று முதலில் வென்று பிறகு தோற்றது; அது வென்ற அணி இப்போது 1-1, அதை வீழ்த்திய அணி 2-0; ஆகவே அதன் எண் 2. மற்றொன்று முதலில் தோற்றுப் பிறகு வென்றது. அதைத் தோற்கடித்த அணி 1-1, அது வென்ற அணி 0-2. அதன் எண் கழித்தல் 2. முதலாவது அணிக்கு உயர்ந்த சீடிங்கும், அதனால் மூன்றாம் சுற்றில் எளிய எதிராளியும் கிடைக்கிறார்கள். எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது, முதல் ஆட்டத்தை வென்று இரண்டாவதில் தோற்ற அணியின் எண், முதலில் தோற்ற அணியின் எண்ணைவிட ஒருபோதும் குறையாது. அன்றிலிருந்து முதல் நாள் ஆட்டங்களை நான் அலட்சியமாகப் பார்ப்பதே இல்லை.

இங்கேதான் என் முதன்மையான குறையும் இருக்கிறது. இவ்வளவு எடை தாங்கும் அந்த முதல் ஆட்டம் பெரும்பாலும் ஒரே ஒரு மேப்பில், அதாவது ஒரே ஆட்டக்களத்தில், முடிந்துவிடுகிறது. வெளியேற்றமோ தேர்ச்சியோ தீர்மானமாகும் ஆட்டங்களை மட்டும் மூன்று மேப்களில் நடத்துவது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். ஒற்றை மேப்பில் கைத்துப்பாக்கியோடு தொடங்கும் ஒரு பிஸ்டல் ரவுண்டும், அதைத் தோற்றால் ஆயுதம் வாங்க வரும் பணத் தட்டுப்பாடும் பாதி ஆட்டத்தைக் கொண்டுபோய்விடக்கூடும் என்பது இந்த ஆட்டத்தை ஆடிய எவருக்கும் தெரியும். 2025 ஜூனில் ஆஸ்டின் மேஜரை 32 அணிகளோடு மூன்று ஸ்விஸ் கட்டங்களாக விரித்தபோது, மூன்றாம் கட்டம் முழுவதையும் மூன்று மேப் ஆட்டங்களாக மாற்றினார்கள். நாக்-அவுட்டையும் சேர்த்து 106 ஆட்டங்கள் கொண்ட அந்த நீண்ட தொடரில் நான் மிகவும் ரசித்தது அந்தக் கட்டத்தைத்தான், இரவு பத்தரைக்கு மேல் கண் விழித்துப் பார்க்க வேண்டியிருந்தபோதும்.

இந்த முறை ஒரு தோல்வியை மன்னிக்கும், இரண்டையும் மன்னிக்கும் என்பதற்கு 2018 ஜனவரியில் பாஸ்டனில் ஆடிய கிளவுட் நைன் அணியை விடச் சிறந்த சான்று இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று, இன்னொன்று போனால் மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலையிலிருந்து தொடர்ந்து மூன்றை வென்று, இறுதியில் இன்ஃபெர்னோ மேப்பில் இரட்டைக் கூடுதல் நேரம் வரை போய் ஃபேஸ் அணியை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வீடியோ கேமின் உலகப் போட்டியும் 2023இல் ஸ்விஸ் முறைக்கு மாறியது. ஆனால் அங்கே சமமான கணக்குள்ள அணிகளைச் சீட்டுக் குலுக்கிச் சேர்க்கிறார்கள். குலுக்கலில் பரபரப்பு உண்டு, நியாயம் குறைவு. என் மனம் வால்வின் பக்கமே சாய்கிறது. நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் ஆறு அணிகளை எந்தெந்த விதங்களில் இணை சேர்க்கலாம் என்ற பதினைந்து வழிகளையும் முன்னுரிமை வரிசையில் விதிநூலிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அணிகளின் தரவரிசையைக் கணக்கிடும் நிரலையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். தன் அணிக்கு ஏன் இந்த எதிராளி என்று கேட்கும் ரசிகர் தானே கணக்குப் போட்டு விடை காணலாம்.

எட்டு அணிகள் தேறிய பிறகு நாக்-அவுட்டில் ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. டோட்டா 2 என்ற வீடியோ கேமின் பெரிய தொடரான தி இன்டர்நேஷனலில், ஒருமுறை தோற்ற அணிக்கு மறுவாய்ப்புத் தரும் கீழ் பிராக்கெட் உண்டு. 2017இல் லிக்விட் அணி அதன் வழியாக ஏறி வந்துதான் சாம்பியன் ஆனது. அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே தோல்வி என்பது தரும் விறுவிறுப்பை மறுக்கவில்லை. ஆனாலும் ஸ்விஸ் கட்டத்தில் இவ்வளவு பொறுமையோடு நடந்துகொண்ட அமைப்பு இங்கே அவசரப்படுகிறது.

இனி பாஸுக்கு வருகிறேன். ஒரு கட்டத்துக்குப் பத்துக் கணிப்புகள்: தோல்வியே இல்லாமல் 3-0 என்று தேறும் இரண்டு அணிகள், 0-3 என்று வெளியேறும் இரண்டு அணிகள், மற்றபடி தேறும் ஆறு அணிகள். கணிப்பில் தேற ஐந்து சரியாக இருந்தால் போதும். தேறும் ஆறை வலிமையான அணிகளைக் கொண்டு நிரப்பிவிடலாம். 3-0 இடங்களுக்குத்தான் சீடிங் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் சுற்று எதிராளியையும், வென்றால் அடுத்து வரக்கூடியவரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டங்களை மட்டும் பார்ப்பவருக்கு இந்த பாஸ் தேவையில்லை, ஒளிபரப்பு இலவசமாகவே கிடைக்கிறது. நோட்டும் பேனாவுமாக உட்காரும் என் போன்றவர்கள் முதல் கட்டம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கட்டம் தொடங்கியதும் அதற்கான கணிப்புகள் பூட்டப்பட்டுவிடும்.