டொலுயீனை நைட்ரோ ஏற்றினால் என்ன கிடைக்கும்? மூன்று மென்பொருள் வழிகள்

டொலுயீனுடன் (மெத்தில் தொகுதி உள்ள பென்சீன் வளையம்) நைட்ரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவை வினைபுரிந்தால், நைட்ரோ தொகுதி மெத்திலுக்கு அடுத்த கார்பனில் ஏறிய ஆர்த்தோ சுமார் 58%, நேர் எதிரே ஏறிய பாரா 38%, இவற்றுக்கு இடையில் ஏறிய மெட்டா 4% வரும். மென்பொருளைச் சோதிக்க இப்படி விடை தெரிந்த வினைதான் நல்லது.

முதல் வழி, விதி எழுதுவது. இலவசமாகக் கிடைக்கும் ஆர்டிகிட் (RDKit) என்ற வேதியியல் மென்பொருளில் "ஹைட்ரஜன் உள்ள அரோமேட்டிக் கார்பனில் நைட்ரோ தொகுதியைச் சேர்" என்று ஸ்மார்ட்ஸ் (SMARTS, மூலக்கூறு அமைப்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்துமுறை) வரியாக எழுதி ஓட்டினால் 5 விளைபொருள்கள் வரும். வளையத்தில் அத்தகைய கார்பன்கள் 5. ஒவ்வொன்றையும் சானிடைஸ் செய்து (இணைதிறன் சரியா என்று சோதித்து), கனானிக்கல் ஸ்மைல்ஸாக (SMILES, மூலக்கூறை ஒரே வரி எழுத்தாகக் குறிக்கும் முறை; கனானிக்கல் என்றால் ஒரு மூலக்கூறுக்கு ஒரே வடிவம்) மாற்றி, திரும்ப வருபவற்றை நீக்கினால் மிஞ்சுவது 3. சானிடைஸை விட்டுவிட்டால் இணைதிறன் தவறிய மூலக்கூறும் பட்டியலில் தங்கிவிடும். விதிக்குள் அடங்கும் எதுவும் விடுபடாது, ஆனால் எது அதிகம் என்ற தகவலே இதில் இல்லை. மெத்திலுக்குப் பதில் அமினோ தொகுதி உள்ள அனிலினைக் கொடுங்கள்: அதே 3 வரும். வலிய அமிலத்தில் அமினோ தொகுதி புரோட்டான் ஏற்று அனிலினியம் அயனியாவதால்தான் 288 கெல்வினில் பாரா 51%, மெட்டா 47%, ஆர்த்தோ 2% என்று விகிதம் புரண்டுபோகிறது. அந்த வேதியியலை விதி எழுதுபவர்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, மாலிக்யூலர் டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கற்றல் மாதிரிகள். வினைபடுபொருள்களின் ஸ்மைல்ஸை வாங்கி விளைபொருளின் ஸ்மைல்ஸை எழுத்தெழுத்தாகக் கணிக்கும். அமெரிக்கக் காப்புரிமைகளிலிருந்து திரட்டிய வினைகளில் முதல் கணிப்பே 90 சதவீதத்துக்கு மேல் சரியாக அமைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. காப்புரிமையில் பெரும்பாலும் முதன்மை விளைபொருள் மட்டுமே பதிவாகும். தோல்வியடைந்த வினைகள் பதிவாவதே அரிது. பயிற்சியில் பார்த்த மூலக்கூறுகளின் சாயல் சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் உயரும். இதைவிடப் பெரிய குறை, உள்ளீட்டில் வெப்பநிலையோ ஒளியோ இல்லாதது. டொலுயீனும் குளோரினும் ஃபெரிக் குளோரைடுடன் சேர்ந்தால் வளையத்தில் குளோரின் ஏறும். ஒளியில் பென்சைல் குளோரைடு உருவாகும். வினைவேகமாற்றியை ஸ்மைல்ஸில் எழுதலாம், ஒளியை எழுத முடியாது. விளைபொருளில் இருக்கும் ஒவ்வோர் அணுவும் உள்ளீட்டில் இருந்ததா என்று எண்ணிப் பார்ப்பது கட்டாயம். உள்ளீட்டில் இல்லாத கார்பனையும் மாதிரி எழுதிவிடும்.

மூன்றாவது, ஓர்கா, காசியன் போன்ற மென்பொருள்களில் டிஎஃப்டி (DFT, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து மூலக்கூறின் ஆற்றலைக் கணிக்கும் குவாண்டம் முறை) கணக்கீடு. கிளர்வு அணைவைத் (வினைப்பாதையில் ஆற்றல் உச்சத்தில் இருக்கும் அமைப்பு) தேடி, அதிர்வெண் கணக்கில் அந்த உச்சத்தின் அடையாளமான கற்பனை அதிர்வெண் சரியாக ஒன்றே உள்ளதா என்று பார்த்து, ஐஆர்சி (IRC, உச்சத்திலிருந்து இரு பக்கமும் வினைப்பாதையைப் பின்தொடரும் கணக்கு) ஓட்டி, இரு முனைகளும் நாம் நினைத்த பொருள்களிலேயே முடிகின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டும். அறைவெப்பத்தில் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 1.4 கிலோகலோரி மாறினாலே வேகம் பத்து மடங்கு மாறும். டிஎஃப்டியின் பிழையோ எளிதில் 2, 3 கிலோகலோரியைத் தொடும். இரண்டு பாதைகளை ஒப்பிடும்போது பிழையின் ஒரு பகுதி கழிந்துபோவதால்தான் இது பயன்படுகிறது. டொலுயீனில் மெட்டா பின்தங்குவது அரீனியம் அயனிகளின் (நைட்ரோ தொகுதி வளையத்தில் ஒட்டியதும் உருவாகும் இடைநிலைகள்) ஆற்றலிலேயே தெரியும். ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் இதிலிருந்து எடுக்க முயலாதீர்கள். வளையத்தைத் தாக்கும் நைட்ரோனியம் அயனி மிக வேகமாக வினைபுரிவதால் கிளர்வு அணைவின் ஆற்றலை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது.

எங்கள் தேர்வு: வினை வகை தெரிந்திருந்தால் விதி, தெரியாவிட்டால் முதலில் கற்றல் மாதிரி. இரண்டில் எது வந்தாலும் ஐந்தாறு விளைபொருள்களாகக் குறைத்த பிறகே டிஎஃப்டிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கிளர்வு அணைவும் சில மணி நேரம் முதல் சில நாள்வரை கணினியைப் பிடித்துக்கொள்ளும்.