டர்போ மாற்றியதாகச் சொல்லி 2,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்: சொகுசு எஸ்யூவி வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். போனது போனதுதான், இன்னும் கைக்கு வரவில்லை. டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. டீசல் டர்போ இன்ஜின் உள்ள சொகுசு எஸ்யூவியைச் சென்னையில் ஓட்டுகிறவர்கள், வாரண்டி முடிந்ததும் வெளி ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். இந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது, எங்கெங்கே கோளாறு வரும், ஒர்க்‌ஷாப்பில் என்னென்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், இப்போது பெயர் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுச் சொகுசு கார்களை மட்டுமே பார்ப்போம் என்று பலகை வைத்திருக்கும் தனியார் ஒர்க்‌ஷாப். ஏ.சி. போட்ட வரவேற்பறை, சுவர் நிறையச் சான்றிதழ்கள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் லிஃப்டில் நிற்கும் விலை உயர்ந்த வண்டிகள். இந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

என்னுடையது ஜெர்மன் தயாரிப்பு. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 'வி' வடிவ டீசல் இன்ஜின். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது திடீரென்று இழுவை போய்விட்டது. இன்ஜின் விளக்கு எரிந்தது, எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3000-க்கு மேல் ஏற மறுத்தது, முன்பக்கமிருந்து ஊளையிடும் சத்தம், பின்னால் நீலப் புகை. மெதுவாக ஓட்டி, நண்பர் ஒருவர் சொன்ன அந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன்.

உரிமையாளரே வந்து பார்த்தார். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, "சார், நீங்களே விரலை விட்டுப் பாருங்கள்" என்றார். டர்போவின் வாயில் சிறிய விசிறி ஒன்று இருக்கும், அதன் நடுவில் ஒரு நட்டு. அதைப் பிடித்து ஆட்டினேன். மேலும் கீழும் தளதளவென்று ஆடியது. விசிறியின் இறக்கை நுனிகள் சுற்றுச்சுவரில் உரசி உரசிப் பளபளத்துக் கிடந்தன. "நான் சொல்லவில்லை சார், உங்கள் விரலே சொல்கிறது" என்றார். அவர் சொன்னது உண்மைதான், டர்போ நிஜமாகவே போயிருந்தது. நம்ப வைக்க அந்த ஒரு உண்மை போதுமானதாக இருந்தது.

பிறகு தேநீர் வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார். "உள்ளே தண்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுப்பகுதி இருக்கும், கோர் என்போம். அதை மட்டும் மாற்றினால் முக்கால் லட்சத்தில் முடித்துவிடலாம். ஆனால் உங்களுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வராது சார். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற வண்டி. முழு டர்போவையும் புதிதாகப் போட்டுவிடுவோம்." புது டர்போவுக்கு 1,85,000, கூலி, ஆயில், மற்ற சாமான்களுக்கு 55,000. மொத்தம் 2,40,000 ரூபாய். பக்கத்தில் இருந்த என் மனைவியிடம், "அம்மா, இனி ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கமே வர மாட்டீர்கள்" என்றார். அங்கேயே பாதிப் பணத்தை அனுப்பினேன். மறுவாரம் சீல் பிரிக்காத பெட்டியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. மீதிப் பணமும் போனது.

வண்டி திரும்பி வந்தபோது நன்றாகத்தான் இழுத்தது. சில வாரங்கள்தான். சோழிங்கநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்து மிதித்ததும் உலோகம் உலோகத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நின்ற பஸ்ஸே தெரியவில்லை, அவ்வளவு வெண்ணீலப் புகை. சாவியை அணைத்துவிட்டுக் குழந்தைகளை இறக்கினேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டர்போவில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் உடைந்து, ஆயில் காற்று வழியாக இன்ஜினுக்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்த பிறகும் வெறிபிடித்து ஓடக்கூடும். என் வண்டி அணைந்தது. அணையாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த உரிமையாளரின் முகம்தான் கண்முன் வருகிறது.

டோயிங் வண்டியில் ஏற்றி அங்கேயே அனுப்பினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் "பார்த்துவிட்டுச் சொல்கிறோம் சார்". பிறகு "ஸ்கேனர் போடும் பையன் லீவு". பிறகு "முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார்". தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார்கள். நேரில் போனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உரிமையாளர் நிற்கிறார், இந்தப் பக்கம் வரவேற்பறைப் பெண் "சார் உள்ளே இல்லை" என்கிறார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறார். கடைசியில் ஒரு நாள் அவரே அகப்பட்டார். தேநீர் இல்லை, "சார்" கூடக் குறைந்துவிட்டது. "இது இன்ஜெக்டர் கோளாறு, டர்போவுக்குச் சம்பந்தமில்லை" என்றார். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம். டர்போவைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "கழற்றக் கூலி 30,000 ஆகும்." கேரண்டி? "டர்போவுக்கெல்லாம் யாரும் கேரண்டி தருவதில்லை." புது டர்போ என்று சொல்லித்தானே 1,85,000 வாங்கினீர்கள்? அதற்கு அவர் சொன்ன பதில்: "பில்லில் டர்போ அசெம்பிளி என்றுதான் இருக்கிறது. புதியது என்று எங்கே இருக்கிறது?"

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முழுதாக விழுந்தது.

வண்டியை அங்கிருந்து மீட்டு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் டர்போ வேலை மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். எல்லோரும் பாய் என்றுதான் அழைக்கிறார்கள். டர்போவைக் கழற்றி மேசையில் வைத்துத் துணியால் துடைத்தார். ஓரத்தில் தகரத் தட்டு ஒன்று இருக்கும், அதில் பாக எண்ணும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். முதல் முறை வண்டியை விடும் முன் உதிரிபாகக் கடைகளில் விலை விசாரிப்பதற்காக அந்தத் தட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். அதே வரிசை எண். தட்டின் வலது மூலையில் இருந்த கீறல்கூட அதே கீறல். "தம்பி, இது உங்கள் பழைய டர்போதான். உள்ளே கோர் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதிலும் கம்பெனி முத்திரை எதுவும் இல்லாத கோர்" என்றார்.

அதாவது, "மனம் வராது" என்று சொன்ன அதே வேலையைச் செய்துவிட்டு, புது டர்போவுக்கான பணத்தை வாங்கியிருக்கிறார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

பாய் அத்தோடு விடவில்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய இரும்புக் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டார், பாதிக்கு மேல் போகவில்லை. குழாயைச் செய்தித்தாளில் தட்டியபோது கறுப்புச் செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. எரிந்து கட்டியான ஆயில். "இதை மாற்றாமல் எந்த டர்போ போட்டாலும் போய்விடும் தம்பி" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் டர்போவின் ஒரு பக்கச் சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் விசிறி காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக டீசல், அதிக இழுவை. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அழுத்தி ஓட்டும்போது புகைப் பக்கத்தில் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இத்தனை வேகத்தில் அந்தத் தண்டைத் தாங்குவது பெரும்பாலான டர்போக்களில் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. ஆயில் சில நொடிகள் வராவிட்டால் தேய்மானம் ஆரம்பித்துவிடும். ஆகவே டர்போ போனால், ஏன் போனது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆயில் குழாய் அடைப்பா? ஆயில் அழுத்தம் குறைவா? திரும்பிப் போகும் குழாயில் தடையா? இன்ஜின் உட்காற்றை வெளியேற்றும் பிரீதர் அடைத்து ஆயிலைத் தள்ளுகிறதா? காற்று வடிகட்டி வழியாக ஏதாவது உள்ளே புகுந்ததா? டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்து, காற்று கசிய, அதை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழன்றதா? பழைய டர்போவின் உலோகத் துகளும் ஆயிலும் இன்டர்கூலருக்குள் தேங்கியிருந்தால் அதைக் கழுவ வேண்டும். ஆயில், ஃபில்டர், ஆயில் குழாய் மூன்றையும் மாற்ற வேண்டும். புது டர்போவை ஓட்டுவதற்கு முன் அதற்குள் ஆயில் ஊற்றி நிரப்ப வேண்டும். கூலி, ஆயில், சாமான் என்று 55,000 ரூபாய் வாங்கிய அந்த மனிதர், சொற்ப விலைக் குழாயைக்கூட மாற்றவில்லை. இன்டர்கூலரைக் கவிழ்த்தபோது பழைய ஆயில் கொட்டியது. கேள்வியே கேட்காமல் வேலை பார்த்திருக்கிறார்.

சென்னையில் இந்த இன்ஜின்களுக்குச் சோதனை அதிகம். சிக்னல், சிக்னலாக ஊர்ந்து, குறுகிய தூரமே ஓடினால், புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள முடிவதில்லை. அதற்கு 600 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். சுத்தம் செய்ய முயலும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் ஆயிலோடு கலந்து ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நீர்த்த ஆயிலில் முதலில் அடிபடுவது டர்போ. அதே கரி, டர்போவின் உள்ளே கோணம் மாறும் சிறு தகடுகளிலும் படிந்து அவற்றை ஒட்ட வைக்கும். இவை தவிர, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். அடைப்பு, ஆயில் கூலர் சீல் கசிவு, வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் நீளுவது என்று இன்னும் பல இருக்கின்றன. தனித்தனியாக விளக்க நினைத்தேன், இப்போது மனம் அதில் நிற்கவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து "வாடிக்கையாளர் வேறு இடத்தில் பிரித்ததால் பொறுப்பல்ல" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். என்னைப் போல ஏமாந்தவர்கள் "பெரிய இடம், நம்மால் முடியுமா" என்று விட்டுவிடாதீர்கள்.

அவசரமாகச் சில எச்சரிக்கைகள். வண்டியை விடும் முன் டர்போ தட்டைப் படம் எடுங்கள், வேலை முடிந்ததும் மறுபடி எடுங்கள். பில்லில் "புதியது" என்ற சொல்லும் பாக எண்ணும் வரிசை எண்ணும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. ரசீது கேளுங்கள். பெட்டியின் படத்தை நம்பாதீர்கள், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஆயில் குழாயை மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய டர்போவைக் கையில் வாங்குங்கள். அதைத் தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.