நாகை வேன் டூர்: சாப்பாடு ஓகே, கைடு சொதப்பல்

கும்பகோணத்துலேர்ந்து குடும்பத்தோட போனோம், வேன் சுத்தம், ஏசி ஓடுச்சு, மத்தியானம் மீன் கொழம்பு அவ்ளோ ருசி. ஆனா கைடு தம்பி நாகையில இருந்த சூடாமணி விகாரம்ங்கிற புத்த மடத்த கடல் கொண்டுபோச்சுன்னாரு பாருங்க, தூக்கிவாரிப்போட்டுச்சு. ராஜராஜ சோழன் காலத்துல சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு ராஜா கட்டிக்குடுத்தது, சோழர் அதுக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரையே எழுதிவச்சாரு, லெய்டன் செப்பேடுன்னு சொல்ற சோழர் செப்பேட்டுலயே இருக்கு, கடைசியா நின்ன செங்கல் கோபுரத்த 1867ல மெட்ராஸ் சர்க்கார் அனுமதியோட ஏசு சபை பாதிரிமாருங்க இடிச்சாங்க, காலேஜ் கட்டடத்துக்கு செங்கல் வேணுமாம். இதச் சொன்னா, "அண்ணே, அதப் பேசுனா வேன்லயே சண்ட வருது, அதான் கடல் மேல பழிய போட்டுட்டேன்"னு சிரிக்கிறாரு! அதுக்கா தம்பி காசு குடுத்தோம்? எக்மோர் மியூசியத்துல இருக்கிற நாகை புத்தர் போட்டோவாவது ஒண்ணு காட்டலாம்ல. மூணு ஸ்டார், அதுல ரெண்டு மீன் கொழம்புக்கு.