சிரவணபெளகொளாவுக்கு ‘ஒரே நாள் யாத்திரை’: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கர்நாடகத்தில் சமணத் தலமான சிரவணபெளகொளா, அதோடு ஹளேபீடு, பேலூர் ஆகிய மூன்று ஊர்களையும் பெங்களூரிலிருந்து ஒரே நாளில் காட்டித் திரும்ப அழைத்து வருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும் பயண ஏற்பாட்டாளர்களிடம், முதியோருடன் யாத்திரை செல்லும் சமணக் குடும்பத்தார் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டுகிறேன். அத்தகைய ஒருவரிடம் நாங்கள் பணத்தை இழந்தோம். அதைவிடப் பெரிய வருத்தம், எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மா நெடுங்காலம் வேண்டியிருந்த தரிசனத்தை அரைகுறையாக முடித்துக்கொண்டு பட்டினியோடு திரும்ப நேர்ந்ததுதான்.

அந்த ஏற்பாட்டாளர் வாட்ஸாப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தில் சிரவணபெளகொளாவின் விந்தியகிரி, சந்திரகிரி என்ற இரு குன்றுகள், ஊருக்குள் இருக்கும் அக்கன பசதி, பண்டாரி பசதி (பசதி என்றால் சமணக் கோயில்), வழியில் கம்பதஹள்ளியின் பஞ்சகூட பசதி, அதன் பின் ஹளேபீடும் பேலூரும் வரிசையாக இடம்பெற்றிருந்தன. கிழங்கு, வெங்காயம், பூண்டு சேராத உணவு பொழுது சாய்வதற்கு முன்பே தரப்படும் என்றும் எழுதியிருந்தார். பெரியம்மா இரவில் உண்ணாதவர் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம் அனுப்பினோம்.

விடியலுக்கு முன் வர வேண்டிய வண்டி, வெயில் ஏறிய பின்பே வந்தது. தனி வண்டிக்குப் பணம் கட்டியிருந்தும், அதில் வேறொரு குழுவினர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்கள். அடிவாரத்தை அடையும்போது உச்சிவேளை நெருங்கிவிட்டது. விந்தியகிரியில் பாறையிலேயே வெட்டிய அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளைச் செருப்பின்றி ஏற வேண்டும். நண்பகலில் அந்தப் பாறை எப்படிச் சுடும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். காலையிலேயே மலையேறுவோம் என்று ஏற்பாட்டாளர் தந்த உறுதியை நாங்கள் பெரிதாக மதித்ததற்கு இதுவே காரணம்.

அடிவாரத்தில் ஓட்டுநர் வழிகாட்டி என்று ஒருவரை அறிமுகப்படுத்தினார். அவர் நுழைவுச்சீட்டு என்று தலைக்கு ஒரு தொகை வாங்கினார், ரசீது தரவில்லை. மலையேறுவதற்கு அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. பெரியம்மாவைச் சுமந்து செல்லும் டோலி என்ற தூக்கு நாற்காலிக்கும் அவரே பணம் வாங்கிக்கொண்டார். இறங்கிய பிறகு டோலி தூக்கியவர்கள், தங்களுக்குப் பாதிதான் கிடைத்தது என்று மீதியைக் கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அந்த வெயிலில் சுமந்தவர்களின் கூலியையும் அந்த மனிதர் விழுங்கியிருந்தார் என்பதே என் கோபம்.

கங்க மன்னரின் அமைச்சரான சாமுண்டராயர் கி.பி. 981 அளவில் எழுப்பிய, 57 அடி உயரமுள்ள ஒரே கல்லாலான பாகுபலி முனிவரின் சிலை முன் எங்களைக் கால் மணி நேரம்கூட அந்த வழிகாட்டி நிற்க விடவில்லை. திருவடிகளின் அருகே கன்னடத்தோடு தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ள ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்ற வாசகத்தைக் காட்டும்படி கேட்டதற்கு, அப்படி எதுவும் இங்கில்லை என்றார். பத்திரபாகு முனிவரும் சந்திரகுப்த மௌரியரும் வடக்கேயிருந்து வந்து தவமிருந்து உயிர் நீத்ததாக மரபு போற்றும் சந்திரகிரி அன்று மூடியிருப்பதாகவும் சொன்னார். குளத்துக்கு அப்பால் அந்தக் குன்றில் மக்கள் ஏறிக்கொண்டிருந்ததை எங்கள் கண்ணாலேயே கண்டோம்.

கம்பதஹள்ளிக்கு வண்டி போகவே இல்லை. ஹளேபீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஹொய்சளேசுவரர் கோயிலுக்கு அருகிலேயே, கண்ணாடிபோல் மெருகேற்றிய தூண்களைக் கொண்ட பார்சுவநாதர் பசதி இருக்கிறது. நேரமில்லை என்று ஓட்டுநர் அங்கே நிறுத்த மறுத்துவிட்டார். பேலூரில் கோபுரத்தை வெளியிலிருந்து காட்டியதோடு சரி. இருட்டிய பிறகு ஒரு சாலையோர உணவகத்தில் உருளைக்கிழங்கு மசாலாவுடன் உணவு வைத்தார்கள். பெரியம்மா ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல் வண்டியிலேயே அமர்ந்திருந்தார். அவருடைய நோன்பை எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டார்கள் என்பதை நினைக்கும்போது இப்போதும் மனம் ஆறவில்லை.

இதைத் தற்செயலான தாமதம் என்று நான் ஏற்கவில்லை. பெங்களூரிலிருந்து சிரவணபெளகொளா ஏறத்தாழ 145 கிலோமீட்டர். அங்கிருந்து ஹாசன் வழியாக ஹளேபீடு சுமார் 80. பேலூர் இன்னும் 16. திரும்பும் வழி 220 அளவில். நாள் முழுவதும் 450 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியில் செல்வோர் இரண்டு மலைகளையும் ஏறி, எல்லா பசதிகளையும் நிதானமாகத் தரிசிக்க வழியே இல்லை. நாள்தோறும் இத்தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமலிருக்க முடியாது.

பெங்களூர்–ஹாசன் இருப்புப் பாதையில் சிரவணபெளகொளாவுக்கே நிலையம் இருக்கிறது. ஊரில் யாத்திரிகர் விடுதிகளும் உண்டு. ஓர் இரவு தங்கினால் விந்தியகிரியை விடியற்காலையிலும் சந்திரகிரியை மாலையிலும் ஏறலாம். பேலூரையும் ஹளேபீட்டையும் மறுநாள் ஹாசனிலிருந்து பார்ப்பதே முதியோருக்கு ஏற்றது. டோலிக்கான கூலியைத் தூக்குபவர்களிடமே நேரில் பேசி, அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த ஏற்பாட்டாளர் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். நிறுவனத்தின் பெயரில் விளம்பரம் செய்தவர், பணம் வாங்கியது ஒரு தனிநபரின் கணக்கில். வாட்ஸாப் உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 வழியாகப் புகார் பதிவு செய்திருக்கிறோம். இதே போல் ஏமாந்தவர்கள் தங்களிடமுள்ள செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருந்து, தாமதிக்காமல் புகார் கொடுக்க வேண்டுகிறேன்.