மூன்றாண்டு நல்கையும் ஆலாக்களின் மணல் திட்டும்: ஒரு பெருநிறுவன நிதித் திட்டம் குறித்த மதிப்புரை

காட்டுப் பறவைகளைக் காக்கும் பணிகளுக்கென ஒரு பெருநிறுவனம் வழங்கிவரும் நல்கையை மூன்று ஆண்டுகள் பெற்று, ஆற்றின் நடுவே உள்ள மணல் திட்டுகளில் முட்டையிடும் ஆலா என்னும் நீர்ப்பறவைகளுக்குக் காவல் இருந்த சிறு குழுவில் நானும் இருந்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே போன்ற விதிமுறைகள் வேறு பல நிறுவனங்களின் திட்டங்களிலும் இருப்பதால், விண்ணப்பிக்க எண்ணுவோருக்குப் பெயரைவிட அனுபவமே பயன்படும். இத்தகைய நல்கையை அதன் தொகையைக் கொண்டு எடைபோடக் கூடாது என்பதே மூன்று ஆண்டுகளில் நான் கண்டது. பணம் எப்போது வருகிறது, எத்தனை ஆண்டுகள் வருகிறது என்பதைக் கொண்டே எடைபோட வேண்டும்.

விண்ணப்ப முறையில் குறை காண எதுவுமில்லை. முதலில் இரண்டு பக்கக் கருத்துருவைக் கேட்டார்கள். அது ஏற்கப்பட்ட பிறகே முழுத் திட்ட அறிக்கையைத் தயாரிக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய நீண்ட விண்ணப்பத்துக்கு ஒரு வரி மறுப்பு மட்டுமே பதிலாக வந்த அனுபவம் எங்களுக்கு முன்பே உண்டு என்பதால், இந்த ஏற்பாட்டின் அருமை உடனே புரிந்தது. பரிசீலனைக் குழுவில் பறவையியல் அறிந்தவர் ஒருவர் இருந்தார் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே தெரிந்தது. கூடுகள் அழிவதற்கு நாய்கள் காரணமா, வெள்ளம் காரணமா, இரண்டும் என்றால் எது எவ்வளவு என்பதை எப்படிப் பிரித்தறிவீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு விடை தேடியதில் எங்கள் திட்டமே செம்மையானது. முதல் தவணையும் ஆலாக்கள் திட்டுக்கு வந்து சேருமுன்பே வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பருவம் முடிந்த பிறகு வரும் பணத்தால் அந்த ஆண்டின் ஒரு முட்டையைக்கூடக் காக்க முடியாது என்பதால் இதை மிக உயர்வாக மதிக்கிறேன்.

தொல்லை செலவுத் தலைப்புகளில் தொடங்கியது. தொலைநோக்கி, தானியங்கிக் கேமரா, படகு, அறிவிப்புப் பலகை என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குக் கேட்ட தொகை குறைவின்றிக் கிடைத்தது. காவலர்களின் ஊதியம் மட்டும் நிர்வாகச் செலவோடு சேர்க்கப்பட்டுப் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆலாவின் கூட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று தெரியும். அதைக் கூடு என்று சொல்வதே மிகை. மணலில் மார்பை அழுத்திச் சுழன்று உண்டாக்கிய ஒரு சிறு குழி, அதில் மணல் நிறத்திலேயே கரும்பழுப்புப் புள்ளிகளோடு இரண்டோ மூன்றோ முட்டைகள், அவ்வளவுதான். உச்சிவெயிலில் மணல் கொதிக்கும்போது தாய்ப்பறவை நீருக்குப் பறந்து, வயிற்றுத் தூவிகளை நனைத்துக்கொண்டு திரும்பி, முட்டைகளின்மேல் ஈரத்தோடு அமர்கிறது. ஒரு நாய் திட்டில் ஏறினால் கூட்டம் முழுவதும் அலறியபடி மேலே எழும்பிவிடும். நாய் எதையும் தின்னாமல் திரும்பிப் போனாலும், நிழலின்றிக் கிடந்த அந்தச் சிறிது நேரத்தில் முட்டைக்குள் இருக்கும் கரு வெப்பத்தால் இறந்துவிடக்கூடும். கேமரா இதைப் பதிவு செய்யும், ஆனால் நாயை விரட்டாது. விடியலிலிருந்து இருட்டும்வரை கரையோரம் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் காவலரே அதை விரட்டுகிறார், அவருடைய கூலிதான் நல்கையில் பாதியாகிப் போனது.

ஆய்வகச் செலவுக்கும் இதே கதிதான். இறந்து கிடந்த குஞ்சுகளைப் பரிசோதிக்கக் கேட்ட சிறு தொகை, மக்களுக்குக் காட்ட ஏற்றதல்ல என்ற குறிப்போடு நீக்கப்பட்டது. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி மருந்துதான் காரணம் என்பது, செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த பொறுமையான ஆய்வின் வழியாகவே 2004இல் வெளிவந்தது. இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தரத் தடை விதித்ததும் அதனால்தான். புகைப்படத்துக்கு ஏற்ற காட்சி எதுவும் அந்த ஆய்வு மேசைகளில் இருந்திருக்காது.

அடுத்தது, நிறுவன ஊழியர்கள் களத்துக்கு வந்து உதவும் தன்னார்வ நாள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருந்த தேதியை நாங்கள் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டோம். அது அடைகாக்கும் காலத்தின் நடுவே விழுந்தது. ஒரே நிறச் சட்டை அணிந்து அறுபது பேர் வந்தார்கள், எல்லோரும் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். கரையிலேயே நிற்கும்படி கேட்டுக்கொண்டும் சிலர் படம் எடுக்கும் ஆர்வத்தில் ஆழமற்ற நீரைக் கடந்து திட்டில் கால் வைத்துவிட்டார்கள்; மாலையில் போய்ப் பார்த்தபோது ஒரு குழியில் இருந்த இரண்டு முட்டைகளும் காலணித் தடத்தோடு மணலில் நசுங்கிக் கிடந்தன. இதை மறைக்காமல் எழுதி அனுப்பினோம். திட்ட அலுவலர் மறுவாரமே நேரில் வந்து, கரையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாளை ஆலாக்கள் திட்டைவிட்டுப் போன பிறகு கைவிடப்பட்ட மீன்வலைகளை அகற்றும் நாளாக மாற்றித் தந்தார். இந்தத் திட்டத்தில் நான் கண்ட மிகச் சிறந்த செயல் இதுதான்.

மூன்றாண்டு வரம்பைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. காலாண்டு அறிக்கையில் 'பயனடைந்த பறவைகளின் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதில் முந்தையதைவிடப் பெரிய எண் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆலாக்களோ பிறந்து இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே பெரும்பாலும் முதன்முதலாக முட்டையிடுகின்றன. முதல் ஆண்டில் நாங்கள் அடையாளத்துக்காகக் கால்வளையம் இட்ட குஞ்சு பிழைத்துத் திரும்பிவந்ததா என்பது தெரியத் தொடங்கும் வேளையில் நல்கை முடிந்து, படகுக்கு எரிபொருள் வாங்கவும் வழியில்லாமல் போகிறது.

நீண்டகால ஆதரவு நிறுவனங்களால் இயலாத காரியமல்ல. நியூசிலாந்தின் பறக்க இயலாத காக்காப்போ கிளிக்கு 1990 முதல் கோமால்கோ என்ற அலுமினிய நிறுவனமும், அதுவே ரியோ டின்டோ அலுமினியம் என்று பெயர் மாறிய பிறகும், இருபது ஆண்டுகளுக்கு மேல் துணை நின்றது. அந்தக் கிளி, ரிமு மரங்கள் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் ஆண்டில் மட்டுமே, அதாவது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் முட்டையிடும். 1995இல் எஞ்சியிருந்தவை 51. 2002ஆம் ஆண்டின் ஒரே பருவத்தில் 24 குஞ்சுகள் தேறின. 2022இல் எண்ணிக்கை 250ஐத் தாண்டியது. அரசின் பாதுகாப்புத் துறையும் களப்பணியாளர்களும் செய்த பெரும்பணி அது என்றாலும், காய்ப்பில்லாத வறண்ட ஆண்டுகளிலும் கொடையாளர் விலகாமல் இருந்தது எளிய உதவியன்று. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் 1956இல் வளையமிட்ட விஸ்டம் என்ற லேசான் ஆல்பட்ராஸ் கடற்பறவையை, அவரே 2002இல் மறுபடியும் கையில் பிடித்து வளையத்தைப் படித்தார். அது 2024இலும் முட்டையிட்டது. மூன்றாண்டோடு கோப்பை மூடியிருந்தால் அந்தப் பறவையைப் பற்றி நாம் எதை அறிந்திருப்போம்?

விண்ணப்பிப்பவர்கள் நிறுவனத்திடம் கேட்டே தீர வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அந்த நிறுவனத்தின் அன்றாடத் தொழில் பறவைகளுக்கு என்ன செய்கிறது? கானமயில் இனப் பறவைகளும் பெருங்கொக்குகளும் பறக்கும்போது தலையைத் தாழ்த்தித் தரையை நோக்கினால் நேர் எதிரே உள்ளதைக் காண முடியாதவை. மின்கம்பியில் மோதி அவை இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பிகளில் பறவைத் தடுப்பான்களைப் பொருத்தாத, கழுகுகள் வந்து அமரும் கம்பங்களுக்கு மின்காப்பு இடாத ஒரு மின் நிறுவனம் வேறோர் இடத்தில் கூடு காக்கப் பணம் தந்தால், அந்தப் பணத்தை வாங்குவதற்கு முன் அந்தக் கம்பிகளைப் பற்றிப் பேசியாக வேண்டும். சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஈடுசெய் பணியை நன்கொடை என்று காட்டுவதற்கும் குழுக்கள் இடம் கொடுக்கக் கூடாது. எங்கள் நிறுவனத்திடம் இதைக் கேட்டபோது ஒளிவுமறைவின்றிப் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகே கையெழுத்திட்டோம்.

கருவி வாங்கவும், இரண்டு மூன்று பருவங்களுக்கான காவலைத் தொடங்கவும், தங்கள் கோரிக்கையை எழுத்தில் செம்மைப்படுத்திக்கொள்ளவும் விரும்பும் சிறு குழுக்களுக்கு இந்த நல்கையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். காவலர் ஊதியத்துக்கு வேறு வழி இல்லாதவர்கள், அதைத் தனித் தலைப்பாக ஏற்பார்களா என்று கருத்துரு நிலையிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தன்னார்வ நாளின் தேதியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்துக்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு நாங்கள் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். இம்முறை கேமராவோ பலகையோ கேட்கவில்லை. வளையமிட்ட குஞ்சுகளில் எத்தனை திரும்பின என்று பார்க்க ஆண்டுதோறும் ஒரு பருவத்துக்கு ஒரு படகும் இரண்டு பேரின் கூலியும், ஏழு ஆண்டுகளுக்கு.